ஒரே வயது, வேறு வேறு முதுமை: சமூகக் காரணிகளும் சாவுக் கணக்கும்

சேலம் அம்மாப்பேட்டையில் நாற்பது ஆண்டு குழித்தறியில் உட்கார்ந்து நெய்தவர் ஒருவர். அஸ்தம்பட்டியில் சொந்த வீட்டில் இருக்கும், அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர் இன்னொருவர். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டக் கூலிக்குப் போய்வந்த ஓர் அம்மா மூன்றாமவர். மூவருக்கும் ஆதார் அட்டையில் 65 வயது. நெசவாளர் தரையிலிருந்து எழ வேண்டுமானால் ஒரு கை முட்டியைப் பிடிக்கிறது, மறு கை சுவரைத் தேடுகிறது. ஓய்வுபெற்றவர் காலையில் அண்ணா பூங்காவில் நடக்கிறார், மாதம் ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்கிறார். மலையில் இருப்பவர் இன்னும் விறகுக் கட்டோடு மேடு ஏறுகிறார். ஆனால் அவருடைய ரத்த அழுத்தம் எவ்வளவு என்று இதுவரை யாரும் அளந்து பார்த்ததில்லை.

அடுத்த பத்து ஆண்டில் இவர்களில் யார் முதலில் போவார் என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. ஆனால் இவர்களைப் போன்றவர்களில் ஆயிரம் ஆயிரம் பேரைச் சேர்த்துப் பல ஆண்டு பின்தொடர்ந்தால் ஒன்று தெரியவரும்: மூன்று கூட்டத்திலும் சாவு ஒரே வேகத்தில் வருவதில்லை. அந்த வேக வித்தியாசத்தை அளப்பது, அது எங்கிருந்து வந்தது என்று தேடுவது, இடையில் தவறு நுழையாமல் காப்பது. சமூகக் காரணிகளையும் முதுமையையும் ஆராய்பவரின் வேலை இந்த மூன்றும்தான்.

காரணத்துக்குப் பின்னால் ஒரு காரணம்

ஒருவர் இறந்தால் சான்றிதழில் 'மாரடைப்பு' என்று எழுதப்படுகிறது. அதற்கு முன்னால் பத்து ஆண்டு கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இருந்தது. அதற்கு முன்னால், ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும் என்ற கணக்கு இருந்தது. அதற்கும் முன்னால், பாவு வாங்கிய முன்பணம் தீரும்வரை தறியை நிறுத்த முடியாத நிலை இருந்தது. மருத்துவர் முதல் இரண்டையும் பார்க்கிறார். சமூகக் காரணி என்பது பின் இரண்டும். உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதற்கென்றே மைக்கேல் மார்மாட் தலைமையில் ஓர் ஆணையம் அமைத்தது. 2008இல் வந்த அதன் அறிக்கை இவற்றைக் 'காரணங்களின் காரணங்கள்' என்று பார்க்கச் சொன்னது.

எவையெல்லாம் இதில் அடங்கும்? எத்தனையாவது வரை படித்தார், என்ன வேலை, அந்த வேலையில் அவர் இஷ்டத்துக்கு எவ்வளவு இடம், கடன், வீட்டில் விறகடுப்பா கேஸா, எந்தச் சாதி, ஆணா பெண்ணா, துணை இருக்கிறதா, மருத்துவமனை எவ்வளவு தூரம். சேலம் மாவட்டத்துக்கு இந்தப் பாடம் புதிதும் அல்ல. பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வேண்டாம் என்று நினைக்கும் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுவிடச் சொன்ன தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியது இங்கேதான். பெண்ணாகப் பிறந்தது என்பதாலேயே சில உயிர்கள் போயின. அந்தக் காரணத்துக்கு எந்த நோய்ப் பட்டியலிலும் பெயர் கிடையாது. சமூகம் உடலுக்குள் எவ்வளவு தூரம் கை நீட்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

இதை முதியவர்களிடம் இப்போது பார்க்க வேண்டிய அவசரம் உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4. அடுத்த பத்தாண்டில் தமிழ்நாட்டின் பங்கு 13.6 ஆகும் என்று மதிப்பிடப்பட்டது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து இங்கேதான் முதியோர் பங்கு மிகுதி.

ஏழை பணக்காரன் கதை மட்டும்தானா?

இல்லை. முதலில் படிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். லண்டனில் 1967இல் சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களை வைத்து 'ஒயிட்ஹால்' ஆய்வு தொடங்கியது. எல்லோருக்கும் நிரந்தர வேலை, மாதச் சம்பளம், இலவச மருத்துவம். பட்டினி கிடந்தவர் யாரும் இல்லை. அப்படியிருந்தும் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறந்த விகிதம் உயர் அதிகாரிகளைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதைவிட முக்கியம், இடையில் இருந்தவர்களின் நிலை. உச்சியில் இருந்தவரைவிட இரண்டாம் படிக்காரருக்கு அதிகம், அவரைவிட மூன்றாம் படிக்காரருக்கு அதிகம். ஒரு கோட்டுக்கு இந்தப் பக்கம் ஏழை, அந்தப் பக்கம் மற்றவர் என்று வெட்டு விழவில்லை. படிப்படியாக இறங்கியது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வித்தியாசத்தில் பெரும்பங்கு மிச்சம் இருந்தது.

1985இல் தொடங்கிய இரண்டாம் ஒயிட்ஹால் ஆய்வில் பெண்களும் சேர்ந்து 10,308 பேர். வேலையில் தன் கையில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி அதில் பெரிதாக வந்தது. சேலத்துச் சூழலில் இதைப் புரிந்துகொள்வது எளிது. சொந்தத் தறி, சொந்த முதல் வைத்து வெண்பட்டு வேட்டி நெய்பவர் இன்று நாலு முழம் குறைத்து நெய்து நாளை ஈடுகட்டலாம். கூலிக்கு நெய்பவருக்கும், செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துக் கொலுசுப் பட்டறையில் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவருக்கும் அந்த இடம் இல்லை. வேலைச்சுமை அதிகம், தன் கையில் இருப்பது குறைவு: இந்த இரண்டும் சேரும்போதுதான் உடல் தேய்கிறது.

உறவுகளைப் பற்றிய ஆய்வு கலிபோர்னியாவின் அலமேடா மாவட்டத்தில் 1965இல் தொடங்கியது. 6,928 பெரியவர்கள். லிசா பெர்க்மனும் லெனார்ட் சைமும் 1979இல் ஒன்பது ஆண்டுச் சாவுக் கணக்கை வெளியிட்டார்கள். துணை, நண்பர் உறவினர் தொடர்பு, வழிபாட்டுக் கூட்டம், சங்கம் ஆகிய நான்கு வகைப் பிணைப்பும் குறைவாக இருந்தவர்கள், நிறைய இருந்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இறந்திருந்தார்கள். 2010இல் 148 ஆய்வுகளை, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த கணக்கும் இதே திசையைக் காட்டியது: பிணைப்பு வலுவாக உள்ளவர்கள் பிழைத்திருக்கும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு.

துணையை இழப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனில் மனைவியை இழந்த, 55 வயதைக் கடந்த 4,486 ஆண்களைப் பின்தொடர்ந்து 1969இல் வந்த ஆய்வில், முதல் ஆறு மாதத்தில் எதிர்பார்த்ததைவிட 40 விழுக்காடு அதிகச் சாவு. பிறகு மெல்லக் குறைந்துவிட்டது. கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் ஊர் திரும்பிய பிறகு வரும் மாதங்கள்தான் ஆபத்தானவை என்பதை வீட்டில் உள்ளவர்கள் மனதில் வைக்க வேண்டும். அந்த ஆறு மாதம் அவர் சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா, தூங்கினாரா என்று ஒருவர் தினமும் கேட்பது வெறும் ஆறுதல் அல்ல. உயிரைக் காக்கும் வேலை.

உடலுக்குள் எப்படிப் போகிறது?

நெருக்கடி வந்தால் கார்டிசால், அட்ரினலின் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. பாம்பைக் கண்டு ஓடும்போது இது நல்லது. ஓடி முடித்தால் தணிந்துவிடும். வட்டிக்காரர் வாராவாரம் வரும் வீட்டில் அது தணிவதே இல்லை. வருஷக்கணக்கில் பாதி ஏறிய நிலையிலேயே நின்றால் ரத்தக்குழாய் தடிக்கிறது, இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, தூக்கம் கெடுகிறது, உள்ளுக்குள் மெலிதான அழற்சி நிலைத்துவிடுகிறது. புரூஸ் மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993இல் இந்தத் திரண்ட தேய்மானத்துக்கு 'அலோஸ்டேடிக் சுமை' என்று பெயர் வைத்தார்கள். அளக்கும்போது ஒரே எண்ணை நம்புவதில்லை. ரத்த அழுத்தம், இடுப்புச் சுற்றளவு, மூன்று மாதச் சராசரி சர்க்கரையான ஹெச்பிஏ1சி, அழற்சியைக் காட்டும் சிஆர்பி, கொழுப்பு இவற்றில் எத்தனை எல்லை மீறியிருக்கின்றன என்று எண்ணிக் கூட்டுவார்கள்.

எல்லா வழியும் மனஅழுத்தம் வழியாகப் போவதில்லை. விசைத்தறிக் கொட்டகையில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் கத்த வேண்டும். அப்படி முப்பது ஆண்டு போனால் காது மந்தமாகிறது. காது கேட்காதவர் திண்ணைப் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார், வீட்டில் 'சொன்னா புரியாது' என்று விட்டுவிடுகிறார்கள். மறதி நோயைப் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் மாற்றக்கூடிய காரணிகள் 14 என்று பட்டியலிட்டது. குறைந்த படிப்பு, காது மந்தம், தனிமை மூன்றும் அதில் உண்டு. ஒரே தறிக்கொட்டகை ஒரு மனிதருக்கு இந்த மூன்றையும் கொடுக்க முடியும்: சின்ன வயதில் பள்ளியை நிறுத்திவிட்டு அங்கே வந்தது, காது போனது, ஒதுங்கிப்போனது.

மருந்து வந்துவிட்டால் இந்த இடைவெளி மூடிவிடாதா? புரூஸ் லிங்க், ஜோ ஃபீலன் இருவரும் 1995இல் இதற்குச் சொன்ன பதில் இன்றும் நிற்கிறது. புதிய மருந்து, புதிய பரிசோதனை எது வந்தாலும் பணமும் படிப்பும் தொடர்பும் உள்ளவர் கைக்கு முதலில் போகிறது. பழைய நோயில் இடைவெளி குறைந்தால் புதிய நோயில் திறந்துகொள்கிறது. அதனால் எதைக் கண்டுபிடித்தோம் என்பதோடு, அது யார் வீட்டு வாசல் வரை போகிறது என்பதையும் கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டிலிருந்து மலைக் கிராமத்துக்கு அதற்கு மேலும் தூரம். பஸ் செலவும் ஒருநாள் கூலியும் சேர்த்துப் பார்த்தால் இலவச மாத்திரை அங்கே இலவசம் அல்ல. மாத்திரை மலை ஏறினால் அந்தக் கணக்கு மாறுகிறது. வேறு எந்த ஏற்பாட்டையும்விட இந்த வகை ஏற்பாட்டில்தான் நம்பிக்கை வைக்கலாம்.

அளப்பது எப்படி, எங்கே பிசகும்

இந்தியாவில் 2017–18இல் தொடங்கிய 'லாசி' என்ற முதுமை ஆய்வு 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டவர்களை நாடெங்கும் சந்தித்தது. மும்பையில் உள்ள மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இதை நடத்துகிறது. அந்த மாதிரி ஆய்வில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

முதல் சிக்கல் வயது. ஆதாரில் ஜனவரி 1 என்று பிறந்தநாள் இருந்தால் அது பெரும்பாலும் உத்தேசமாகப் போட்டது. கேட்டால் அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று வட்டமாகச் சொல்வார்கள். 0, 5 என்று முடியும் வயதுகள் எவ்வளவு மிகுந்திருக்கின்றன என்று பார்க்க விப்பிள் குறியீடு உண்டு. குவிதலே இல்லையென்றால் 100, எல்லோருமே அப்படிச் சொன்னால் 500. அது 23 முதல் 62 வரையான வயதுகளை வைத்துப் போடப்படுவது. அதற்கு மேற்பட்ட வயதில் குவிதல் இன்னும் மோசம். திருத்த வழி, நிகழ்ச்சிப் பட்டியல். 'மேட்டூர் அணை கட்டி முடித்தது (1934) உங்கள் அம்மாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னா பின்னா?', 'அண்ணா முதல்வரானபோது (1967) உங்களுக்குக் குழந்தை பிறந்திருந்ததா?', 'எம்ஜிஆர் இறந்தபோது (1987) மூத்த மகள் என்ன படித்தாள்?' என்று மூன்று நான்கு பக்கத்திலிருந்து நெருங்கினால் இரண்டு மூன்று வயதுக்குள் பிடித்துவிடலாம். வயது ஏன் இவ்வளவு முக்கியம்? 1825இல் பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் காட்டியபடி, நடு வயதுக்குப் பிறகு சாவின் அபாயம் ஏறக்குறைய எட்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. வயதில் ஐந்து ஆண்டு தவறினால் அபாயக் கணக்கு ஒன்றரை மடங்கு தவறிப்போகும்.

இதே விதி ஆரம்பநிலை வாசகருக்கு ஒரு நல்ல அளவுகோலும் தருகிறது. ஒரு கூட்டத்தின் சாவு விகிதம் இன்னொன்றைப் போல இரண்டு மடங்கு என்று படித்தால், அவர்கள் உடல் எட்டு வயது மூத்துவிட்டது போல என்று புரிந்துகொள்ளலாம். ஒன்றரை மடங்கு என்றால் ஐந்து வயதுக்குச் சற்றுக் குறைவு.

அடுத்து வீடு. 'யாரோடு இருக்கிறீர்கள்?' என்று கேட்டால் 'மகனோடுதான்' என்பார்கள். கணக்கெடுப்பில் ஒரு குடும்பம் என்பது ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுபவர்கள். பின்கட்டில் தனி அடுப்பு வைத்துப் பொங்கிக்கொள்ளும் பாட்டி, மகன் வீட்டுக் கதவு எண்ணிலேயே இருந்தாலும் தனிக்குடும்பம். அதனால் 'உங்களுக்குச் சோறு யார் ஆக்குறாங்க, எந்த அடுப்புல?' என்று கேட்பதுதான் முறை. ஆறு கேள்விகள் கொண்ட லூபென் அளவை உறவினர், நண்பர் தொடர்பை 0 முதல் 30 வரை மதிப்பிடுகிறது. 12க்குக் கீழே போனால் தனிமைப்படும் அபாயம். அதையும் அப்படியே மொழிபெயர்த்துக் கேட்டால் போதாது. ஒரே கூரைக்குள் இரண்டு ஆண்டாகப் பேசிக்கொள்ளாதவர்களும் அதில் 'தினமும் பார்க்கும் உறவினர்' ஆகிவிடுவார்கள். 'ராத்திரி உடம்புக்கு முடியலைன்னா யாரக் கூப்பிடுவீங்க?' என்ற கேள்விக்குப் பதில் வர எடுக்கும் நேரமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

நோயைக் கேட்டு எழுதுவதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. 'எனக்கு ஒரு வியாதியும் இல்ல சாமி' என்று மலைக் கிராமத்தில் சொல்வார்கள். அஸ்தம்பட்டியில் ஒரே ஆள் மூன்று நோய் சொல்வார். கேட்டதை அப்படியே கூட்டினால் வசதியானவர்களே அதிக நோயாளிகள் என்று முடிவு வரும். அமர்த்தியா சென் 2002இல் இதே பொருத்தமின்மையை எடுத்துக்காட்டினார்: நீண்ட ஆயுள் உள்ள கேரளத்தில் நோய் இருப்பதாகச் சொல்பவர்கள் அதிகம், ஆயுள் குறைந்த பீகாரில் குறைவு. மருத்துவரைப் பார்த்தவருக்குத்தான் நோயின் பெயர் தெரியும். எனவே அளந்துதான் ஆக வேண்டும்.

ரத்த அழுத்தம்: ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும், கால் தரையில், முதுகுக்குச் சாய்வு, கை இதயத்தின் மட்டத்தில். மூன்று முறை எடுத்துக் கடைசி இரண்டின் சராசரி. மேடேறி வந்தவரை உடனே அளந்தால் எண் பொய்யாகும். கைப்பிடி வலுவை டைனமோமீட்டர் என்ற பிடிமானி அளக்கிறது, ஒவ்வொரு கைக்கும் இரண்டு முறை. ஆசியர்களுக்கு ஆண்களில் 28 கிலோவுக்கும் பெண்களில் 18 கிலோவுக்கும் கீழே போனால் தசை தளர்ந்துவிட்டது என்று கொள்கிறார்கள். 17 நாடுகளில், இந்தியா உட்பட, 1,39,691 பேரை வைத்து 2015இல் வந்த ஆய்வில் பிடி 5 கிலோ குறையக் குறைய மரண அபாயம் 16 விழுக்காடு ஏறியது. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தறியில் நாடா இழுத்துப் பழகிய கைக்குத் தொழில் கொடுத்த வலு இருக்கும். கால் தளர்ந்த பிறகும் கை ஏமாற்றும். அதனால் நடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான்கு மீட்டர் தூரத்தை வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்லி நேரம் எடுப்பார்கள். நான்கு விநாடிக்கு மேல், அதாவது விநாடிக்கு ஒரு மீட்டருக்குக் குறைவு என்றால் கவனிக்க வேண்டும். மலை வீட்டு வாசலில் நான்கு மீட்டர் சமதரை கிடைப்பது அரிது. சரிவில் எடுத்த அளவு செல்லாது. பள்ளிக்கூடத் தாழ்வாரம், கோயில் முன்மண்டபம் என்று தேடிப்போக வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஒரே ஒரு கேள்வியும் வியக்கத்தக்க அளவுக்கு உதவுகிறது: 'பொதுவா உங்க உடம்பு எப்படி இருக்கு? நல்லா, பரவாயில்ல, சுமார், மோசம்?' எலன் ஐட்லரும் யேல் பென்யமினியும் 1997இல் 27 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் இந்தப் பதில் பிற்காலச் சாவை முன்கூட்டிச் சொன்னது, மற்ற நோய்களைக் கணக்கில் கழித்த பிறகும். தன் உடலைப் பற்றி மனிதருக்குத் தெரிந்தது கருவிக்குத் தெரிந்ததைவிட அதிகம் போலும்.

சாவு விகிதம் போடுவது

100 முதியவர்களை ஐந்து ஆண்டு பின்தொடர்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 10 பேர் இறந்தார்கள், 10 பேர் மகள் வீட்டுக்கோ வேறு ஊருக்கோ போய்விட்டார்கள். போனவர்களை என்ன செய்வது? எறிந்துவிட்டால் தவறு, ஐந்து ஆண்டும் இருந்ததாகக் கொண்டாலும் தவறு. ஒவ்வொருவரும் நம் பார்வையில் இருந்த காலத்தை மட்டும் கூட்ட வேண்டும். இருந்த 80 பேருக்கு 400 ஆண்டு. இறந்தவரும் போனவரும் சராசரியாக நடுவில் விலகினால் தலைக்கு இரண்டரை வீதம் 50 ஆண்டு. மொத்தம் 450 ஆள்-ஆண்டு. 10ஐ 450ஆல் வகுத்தால் ஆயிரம் ஆள்-ஆண்டுக்கு 22 சாவு. 1958இல் கேப்லனும் மையரும், 1972இல் டேவிட் காக்ஸும் கொடுத்த முறைகள் இந்த எண்ணத்தையே நுணுக்கமாகச் செய்பவை.

அடுத்தது ஒப்பிடுவது. இங்கேதான் செய்தித்தாள்கள்கூட வழுக்குகின்றன. கணக்கைக் காட்டுவதற்காக எடுத்த எண்கள் இவை. நகரப் பகுதி ஒன்றில் 60 கடந்த 1,000 பேர்: அறுபதுகளில் 400 பேர், 6 சாவு, எழுபதுகளில் 400 பேர், 16 சாவு, எண்பதுக்கு மேல் 200 பேர், 20 சாவு. ஓர் ஆண்டில் மொத்தம் 42. மலைப் பகுதியிலும் 1,000 பேர்: அறுபதுகளில் 700 பேர், 14 சாவு, எழுபதுகளில் 250 பேர், 13 சாவு, எண்பதுக்கு மேல் 50 பேர், 6 சாவு. மொத்தம் 33. மேலோட்டமாகப் பார்த்தால் மலைக்காற்று ஆயுளைக் கூட்டுகிறது என்று எழுதத் தோன்றும். வயதுவாரியாகப் பாருங்கள். அறுபதுகளில் ஆயிரத்துக்கு நகரில் 15, மலையில் 20. எழுபதுகளில் 40, 52. எண்பதுக்கு மேல் 100, 120. ஒவ்வொரு வயதிலும் மலையில் சாவு அதிகம். மொத்தம் குறைவாகத் தெரிந்தது ஏனென்றால் அங்கே எண்பதைத் தொட்டவர்களே குறைவு. முன்பே இறந்துவிட்டார்கள்.

இதைச் சரிசெய்ய இரண்டு ஊருக்கும் ஒரே வயது அமைப்பைக் கொடுக்க வேண்டும். இரு ஊரையும் சேர்த்த அமைப்பு 55, 32.5, 12.5 விழுக்காடு. நகரின் விகிதங்களை அதனால் பெருக்கிக் கூட்டினால் 33.75. மலையின் விகிதங்களைப் பெருக்கிக் கூட்டினால் 42.9. முடிவு தலைகீழாகிறது. வயது சமன்செய்யாத சாவு விகிதத்தை எங்கே கண்டாலும், அதை வைத்து இரண்டு ஊரை ஒப்பிடாதீர்கள்.

இன்னொரு பொதுக் குழப்பமும் இதோடு சேர்ந்தது. இந்தியாவின் சராசரி ஆயுள் சுமார் 70 என்பதால் 68 வயதுக்காரருக்கு இரண்டு ஆண்டுதான் பாக்கி என்று நினைக்கிறார்கள். அந்த 70 பிறந்த குழந்தைக்கான கணக்கு. குழந்தைச் சாவும் இளவயதுச் சாவும் அதில் அடக்கம். 60ஐ எட்டிய இந்தியருக்குச் சராசரியாக இன்னும் 18 ஆண்டு இருக்கிறது. 60இல் ஓய்வுபெறுபவர் திட்டமிட வேண்டியது அந்தப் பதினெட்டுக்கு.

காரணமா, விளைவா

நோயால் வேலையை விட்டவர் கணக்கில் 'வேலையில்லாதவர்' ஆவார். அவர் இறந்தால் வேலையின்மை கொன்றது போலத் தெரியும். தறியில் இருப்பவர்களை மட்டும் அளந்தால் எல்லோரும் திடமாக இருப்பார்கள். முட்டி போனவரும் மூச்சு முட்டியவரும் முன்பே தறியை விட்டு இறங்கியிருப்பார்கள். இதைத் தவிர்க்க, இப்போது என்ன வேலை என்று கேட்காமல் 'அதிக காலம் பார்த்த வேலை எது, எப்போது, ஏன் விட்டீர்கள்' என்று கேட்க வேண்டும். பின்தொடரலில் முதல் இரண்டு ஆண்டுச் சாவுகளை நீக்கிவிட்டு மீண்டும் கணக்குப் போட்டுப் பார்ப்பதும் வழக்கம். ஏற்கெனவே நோய் முற்றியவர்கள் அதில் கழிந்துவிடுவார்கள். அப்படியும் வேலைக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பு நிலைத்தால் நம்பலாம். படிப்பை அளவுகோலாகப் பலர் விரும்புவதும் இதனால்தான். எழுபதில் வந்த நோய் ஏழாம் வகுப்பில் பள்ளியை நிறுத்தியிருக்க முடியாது.

'எங்க தாத்தா தினமும் ரெண்டு கட்டு பீடி குடிச்சு தொண்ணூறு வரைக்கும் இருந்தார்' என்ற வாதம் எல்லா ஊரிலும் வரும். அவரோடு பீடி குடித்து ஐம்பதிலும் அறுபதிலும் போனவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பதில் சொல்ல மாட்டார்கள்.

சாவின் காரணத்தை எழுதுவது

வீட்டில் நிகழ்ந்த சாவுக்குப் பெரும்பாலும் மருத்துவக் காரணம் பதிவாவதில்லை. 'வயசாயிருச்சு, போயிட்டாங்க' என்பதோடு முடிந்துவிடுகிறது. இதற்காக 'வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை' என்ற முறை வந்தது. இறந்தவரின் கடைசி நாள்களைக் கூட இருந்தவரிடம் கேட்டு எழுதுவது. பிரபாத் ஜா தலைமையில் நடந்த பத்து லட்சம் மரணங்களின் ஆய்வு இப்படித்தான் இந்தியச் சாவுகளை வகைப்படுத்தியது. எழுதிவந்த குறிப்பை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணம் குறிக்கிறார்கள். ஒத்துவராவிட்டால் மறுபடி பார்க்கிறார்கள், அப்போதும் ஒத்துவராவிட்டால் மூத்த மருத்துவர் ஒருவர் முடிவு செய்கிறார்.

இதன் உயிர் சொற்களில் இருக்கிறது. 'வாய்வு புடிச்சுது, நெஞ்சுல அடைச்சுது, ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது' என்றால் அது வாயுத் தொல்லை அல்ல, மாரடைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 'வாதம் அடிச்சுது' என்றால் ஒரு பக்கமா, வாய் கோணியதா, பேச்சு குழறியதா என்று கேட்க வேண்டும். முட்டிவாதத்தையும் வாதம் என்றுதான் சொல்வார்கள். 'இளைப்பு' என்றால் விறகடுப்பில் வாழ்ந்தவரின் நுரையீரல் நோயா, காசநோயா, இதயம் தளர்ந்ததா? படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தாரா, கால் வீங்கியதா, சளியில் ரத்தம் வந்ததா என்ற மூன்று கேள்வி பிரித்துக் காட்டும். துக்க வீட்டில் முதல் வாரம் போய்க் கேட்கக் கூடாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து போக வேண்டும். ஆனால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டால் நினைவு மங்கிவிடும்.

வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது எளிது. சாவை 21 நாளுக்குள் பதிவு செய்யுங்கள். கிராமத்தில் விஏஓ, மாநகராட்சியில் சுகாதார அலுவலகம். அதற்குள் என்றால் தாமதக் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால் நிர்வாக நடுவரின் உத்தரவு வரை அலைய வேண்டிவரும். கடைசியாகப் பார்த்த மருத்துவர் இருந்தால் மரணக் காரணச் சான்று கேளுங்கள். அதற்கு அவர் கட்டணம் வாங்கக் கூடாது என்பது சட்டம். சான்றில் 'இதயம் நின்றது' என்று மட்டும் இருந்தால், எதனால் நின்றது என்று அடுத்த வரியில் எழுதக் கேளுங்கள். இதயம் நிற்காமல் யாரும் இறப்பதில்லை. இறந்தவரின் மாத்திரை அட்டை, சர்க்கரைச் சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் காரியம் முடிந்ததும் துணிமணியோடு சேர்த்து எரித்துவிடாமல் ஓர் உறையில் போட்டு, சரியான வயதையும் அவர் பார்த்த தொழிலையும் மேலே எழுதி எடுத்து வையுங்கள்.